ஒரே நொடியில் அறுபத்து மூன்று சம்மதம்

சிந்துஜா மேசைமேல் காகிதத்தை அறைந்த வேகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காத்திருந்த நோயாளிகள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருந்த இதயப் பொறி மையத்தில் அதுதான் மும்முரமான நேரம். அந்த மையத்தின் தலைமைத் தொழில்நுட்பக்காரி யாழிசை. யார் வந்து எதற்குக் கத்தினாலும் "உட்காருங்கம்மா" என்று ஆரம்பிப்பது அவள் வழக்கம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"உக்கார வரலீங்க. இந்தக் கடுதாசியச் சத்தமாப் படிங்க. என்ற ஊட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

யாழிசை எடுத்துப் படித்தாள். லோகநாதன், வயது அறுபத்தொன்று, ஊர் சூலூர். அவருக்குப் பொறி வைத்த அன்று பதிவானது. மொத்தம் அறுபத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'நோயாளி தம் வாயால் சம்மதம் தெரிவித்தார்' என்றும் அதற்குப் பக்கத்தில் நேரமும் இருந்தன. முதல் வரியில் ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம் பதினேழு நொடி. இரண்டாம் வரியிலும் அதே. மூன்றாம் வரியைப் படிக்கும்போது யாழிசையின் குரல் இறங்கிவிட்டது. கடைசி வரிவரை கண்ணை ஓட்டினாள். எல்லாவற்றிலும் அதே பதினேழாம் நொடி.

"அவரு டீயா காப்பியான்னு கேட்டா அஞ்சு நிமிசம் யோசிக்கற ஆளுங்க. ஒரே செகண்டுல அறுபத்தி மூணு தடவ சம்மதம்னு எந்த வாயால சொன்னாரு?"

எந்த வாய் என்று யாழிசைக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அதைத்தான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துச் சால்வையும் கேடயமும் வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள்.

அந்தப் பொறியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் சிந்துஜாவின் கோபம் யாருக்கும் விளங்காது. பழுதான இதயத்தின் வேலையை எடுத்துச் செய்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற பொறி அது. கணினிக்கு இருப்பதுபோல அதற்கும் ஓர் இயங்குதளம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் முதல் பதிப்பு மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் அரசாங்கம் அனுமதி கொடுத்தது அந்த ஒன்றுக்குத்தான். பிறகு வந்த திருத்தங்களை எல்லாம் நோயாளியையும் பொறியையும் கம்பியால் இணைத்து வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. வார்டில் அவற்றுக்கு அறுபத்து மூவர் என்றே பெயர். ஒவ்வொரு நாயன்மாரும் வந்து இறங்கி, பொறியை ஒரு முறை நிறுத்தி ஓட்டி, நோயாளியின் நாடியைப் பழகி, அவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வழி விடுவார். எல்லாரும் வந்து சேர ஆறு மணி நேரம். மையத்தில் இருந்த இணைப்பு மேசைகள் நான்கு. ராத்திரி பகலாக ஓட்டினாலும் ஒரு நாளைக்குப் பதினாறு பேருக்கு மேல் முடியாது. வாசலில் வந்து நிற்பவர்களோ நாற்பது பேர்.

ஒரு நாள் யாழிசை முப்பத்தொன்றாம் டோக்கனை மூன்று முறை கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வரவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டபோது தலை சாய்ந்தது. டோக்கன் கைக்குள்ளேயே இருந்தது. அன்றைக்கு யாழிசைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. பொறி அலமாரியில் தயாராக இருக்கிறது, வைக்கிற டாக்டர் இருக்கிறார், இடையில் கிடந்து ஆறு மணி நேரத்தைத் தின்கிற இந்தத் திருத்தங்களால் ஒரு உயிர் போவதா? மூன்று மாதம் உட்கார்ந்து, அறுபத்து மூன்றையும் முதல் பதிப்போடு சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்கினாள். ஆறு மணி நேர வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. வார்டில் அதற்கு 'ஒரே போடு' என்று பெயர் வைத்தார்கள். இரண்டே வாரத்தில் வரிசை கரைந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவரோரம் யாரும் சாகவில்லை. அதில் பொய்யே இல்லை.

கேள்விகள்தான் இடைஞ்சலாக இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் நின்றால் ஒரே போடு எப்படி ஒரே போடாகும்? அதனால் பதில்களை முன்கூட்டியே எழுதி ஒரு கோப்பில் வைத்தாள். பொறி கேள்வி கேட்கும், கோப்பு பதில் சொல்லும், நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். என்ன பதில் எழுதுவது என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவும் இல்லை. கேள்விகள் எல்லாம் எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழில் இருந்தன. எருமை வியாபாரி ஒருவர், "இது எந்த ஊருப் பாசைங்க?" என்று பொறியிடமே கேட்டிருக்கிறார். ஆகவே வார்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், எது கேட்டாலும் சம்மதம்னு சொல்லிடுங்க என்று. மேலாளர் ரித்விக்கிடம் கேட்டபோது அவனும், எல்லாரும் சம்மதம்தானே சொல்றாங்க, அதையே போடு என்றான். யாழிசை முதல் வரியில் 'சம்மதம்' என்று அடித்தாள். மற்ற அறுபத்திரண்டு வரிகளுக்கும் அதை நகலெடுத்தாள். கேள்விகளில் பன்னிரண்டையோ பதின்மூன்றையோ படித்த ஞாபகம்.

அவள் படிக்காமல் விட்டவற்றில் இருபத்தொன்பதாவது கேள்வியும் ஒன்று. மூளை நின்றுபோன பிறகும் பொறி ஓடலாமா என்பதே அந்தக் கேள்வி.

லோகநாதன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டி ஓட்டியவர். பொறி வைத்த ஏழாம் மாதம் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். மூளை முடிந்துவிட்டது என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பொறி மட்டும் ஓடியது. நிறுத்தச் சொல்லி சிந்துஜா கேட்டபோது, பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு, அவரே சம்மதம் சொல்லியிருக்கிறாரே என்றார்கள். சொத்துக்கு ஆசைப்பட்டு அப்பா அம்மாவின் பொறியை அவசரமாக நிறுத்திய பிள்ளைகள் சிலர் இருந்ததால், நோயாளி தம் வாயால் சொன்னதை வேறு யாரும் மாற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான். சிந்துஜா கலெக்டர் ஆபீசுக்குப் போனாள், இரண்டு வக்கீல்களிடம் போனாள். எல்லாரும் அந்த ஒரு வரியைக் காட்டினார்கள். பதினொரு மாதமாக லோகநாதன் சூலூர் வீட்டு முன்னறையில், உடம்பு சுடச்சுட, நினைவு எதுவும் இல்லாமல் கிடந்தார்.

"அவங்கப்பா நாப்பது நாளு ஆஸ்பத்திரியில மூச்சு மிசினோட கெடந்தப்பவே சொன்னாருங்க. தண்ணி வராத போர்ல மோட்டார் ஓடற மாதிரி என்னைய ஓட விட்றாதன்னு. ஒரு தடவையில்ல, நூறு தடவ சொன்னாரு. அவரு சொன்னது அதுதான். இந்தக் கடுதாசியில இருக்கறது ஆரு சொன்னது?"

யாழிசையால் பொய் சொல்ல முடிந்திருக்கும். கணினிப் பிழை, நேரம் தவறாகப் பதிவாகிவிட்டது, மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்று வாயில் வார்த்தைகள் தயாராகத்தான் வந்து நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, "நான் சொன்னதுங்க" என்றாள். சிந்துஜா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அடிப்பாள் என்றே யாழிசை நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அப்ப நீங்களே இத மாத்துங்க," என்று சொல்லிவிட்டு சிந்துஜா அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாற்றுவது அவ்வளவு லேசில்லை. பதிவான சம்மதத்தைத் தொட முடியாது, முத்திரை வைத்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. பொறியில் இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு, முதல் பதிப்பிலிருந்து பழைய முறையிலேயே ஒவ்வொரு திருத்தமாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பழைய முறையில் இருபத்தொன்பதாவது கேள்வி நோயாளியின் பதிலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கும். பதில் வராவிட்டால், அவர் நியமித்த ஆளிடம் கேட்டு இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கும். லோகநாதன் நியமித்திருந்தது சிந்துஜாவை. பொறிக்கு இரண்டு அறைகள் என்பதால், ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதற்குப் போடலாம், ஆபத்தில்லை.

யாழிசை மாடிக்குப் போய் ரித்விக்கின் முன்னால் நின்றாள். இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, லோகநாதனுக்குப் பழைய முறையில் மறுபடி போட அனுமதி. இன்னொன்று, இனிமேல் ஒரே போட்டிலிருந்து இருபத்தொன்பதாவது கேள்வியை மட்டும் வெளியே எடுத்து நோயாளியிடமே கேட்பது. அதனால் ஆளுக்கு இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

ரித்விக் கெட்டிக்காரன். கோபப்படவே மாட்டான், அதுதான் அவனிடம் எரிச்சலூட்டுகிற விஷயம். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ராத்திரி வேலையை எடுத்தாயிற்று, பகலில் மட்டும் ஓடுகிற மேசைகளில் ஆளுக்கு இருபது நிமிடம் கூடினால் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் வெளியே நிற்பார்கள், மறுநாள் முப்பது. "மறுபடி டோக்கன் கொடுக்கலாமா? அந்த முப்பத்தொண்ணாம் டோக்கன உனக்கு மறந்திருக்காதே" என்றான். பிறகு, இருபதாயிரம் பேருக்கு மேல் ஒரே போடு போட்டாகிவிட்டது, அவர்கள் சம்மதம் எதுவும் செல்லாது என்று நாமே வாயைத் திறந்தால் மையத்துக்குப் பூட்டுதான் என்றான். கடைசியாக, கோப்பில் அடித்தது யாருடைய கை என்பதையும் நினைவுபடுத்தினான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் தன் தலையில்தான் என்று யாழிசைக்குத் தெரிந்தது. ஆனாலும் ரித்விக் அந்தச் செத்த பெண்ணை எடுத்துத் தன் முகத்திலேயே வீசினானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்காகச் செய்த வேலை என்பது உண்மை. அந்த உண்மையை வைத்தே எந்தக் கதவையும் சாத்திவிடலாம் என்பது இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரை ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

அன்று மாலை அவள் உக்கடத்துக்குப் போய் பெனாசிரைத் தேடினாள். பெனாசிர் பழைய வார்டில் தலைமை உதவியாளராகப் பதினோரு வருடம் இருந்தவள். ஒரே போடு வந்த பிறகு நோயாளி பக்கத்தில் ஆறு மணி நேரம் ஆள் இருக்கத் தேவையில்லை என்று அவளையும் இன்னும் ஐந்து பேரையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூட வேனில் ஆயா. பழைய முறையில் போடுவதென்றால் நோயாளி பக்கத்தில் இருந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குத்தான் யாழிசை போனாள். விஷயத்தைச் சொன்னதும் பெனாசிர் பேசியதை யாழிசையால் நின்று கேட்க முடியவில்லை.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மேடம். மத்த எல்லாத்துக்கும் சம்மதம்னு சொல்லச் சொல்லுவோம், நெசந்தான். இருபத்தொம்பதுக்கு மட்டும் நான் தெரைய இழுத்துட்டு, காதுகிட்டப் போயி நம்ம பேச்சுல சொல்லுவேன். பத்துப் பேருல நாலு பேரு வேண்டாம்பாங்க. அந்தக் கேள்வி வந்த நாளா அப்படித்தான். நீங்க கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருபத்தொன்பதாவது திருத்தத்தின்போது திரை இழுபடுவதை எத்தனையோ நூறு முறை பார்த்திருக்கிறாள். மூத்திரச் சட்டி வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒரு தடவையாவது எழுந்துபோய் ஏன் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கண்ணாடி அறையில் இருப்பவர்கள் வார்டுக்கு வருவதில்லை, வார்டில் இருப்பவர்கள் கண்ணாடி அறைக்குள் பேசுவதில்லை. அது அந்த மையத்தின் எழுதாத சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, திருத்தங்களைப் பொறியில் ஏற்றுகிற பழைய நிறுவுபெட்டியை மையத்தின் கிடங்கிலிருந்து யாருக்கும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு யாழிசையும் பெனாசிரும் சூலூர் வந்து சேர்ந்தார்கள். சிந்துஜா கணவருக்குச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருந்தாள். பெட்டியின் கம்பியை அவர் மார்பில் பதித்திருந்த இணைப்புத் துளையில் பொருத்தியபோது யாழிசையின் விரல் அவர் தோலில் பட்டது. நல்ல சூடு. தூங்குகிற ஆளின் சூடு.

முதல் பதிப்பு ஏறியது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று திருத்தங்கள் நத்தை வேகத்தில் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்டு நின்றது. மற்ற கேள்விகளுக்குக் காத்திருப்பு ஒரே நிமிடம்தான், அதுவே தாண்டிப் போய்விடும். சிந்துஜாவுக்குச் சும்மா உட்கார வரவில்லை. துணி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள், மடித்துக்கொண்டே பேசினாள். ஓசூரில் இருக்கும் மகன் மாதம் ஒரு நாள் வந்து அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறானாம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று வெளியே சொல்லிக்கொள்ள அவனுக்கு அது போதுமாம். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் இவளை முன்னால் நிறுத்தி ஆரத்தி எடுக்கச் சொல்கிறார்களாம், பூவும் பொட்டும் நிலைத்தவள் என்று.

"அந்தத் தட்டத் தூக்கி அவங்க மூஞ்சில வீசோணும்னு இருக்கும். சிரிச்சுட்டே எடுப்பேன்" என்றாள் சிந்துஜா.

அவள் கோபத்தில் யாழிசைக்கும் பங்கு வந்தது, ரித்விக்குக்கும் வந்தது, சட்டம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்கும் வந்தது. பதினொன்றேமுக்கால் மணிக்கு இருபத்தெட்டாவது திருத்தம் முடிந்தது. பெனாசிர் எழுந்து, அந்த அறையில் திரை இல்லாததால், தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள்.

பெட்டி பேசியது. "மூளைச் செயற்பாட்டு நிறைவுக்குப் பிந்தைய இயக்கத் தொடர்ச்சிக்கு இசைவளிக்கிறீர்களா? நோயாளி பதிலளிக்கவும்."

பெனாசிர் கட்டிலருகில் குனிந்து லோகநாதனின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "அண்ணா, மண்ட நின்னு போச்சுன்னாலும் இந்த மிசினு ஓடட்டுங்களா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. ஆருக்காகவும் பாக்காதீங்க." சொல்லிவிட்டு, பதில் வரும் என்று நம்புகிறவளைப்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடமும் அப்படியே நின்றாள். அந்தப் பத்து நிமிடத்தையும் யாழிசை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த மனிதருக்கு உரியதாக இருந்தது இது. பேச வாய் இருந்தபோது ஒரு நொடிகூட அவருக்குக் கொடுக்காமல் தான் எடுத்துக்கொண்டதை, வாய் போன பிறகு கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நோயாளியின் பதில் பெறப்படவில்லை. நியமனதாரர் பதிலளிக்கவும்" என்றது பெட்டி.

சிந்துஜா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மூன்று நிமிடம் போயிற்று, நான்கு போயிற்று. பத்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே பொறி எடுத்துக்கொள்ளும் என்பதை யாழிசை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"இத்தன நாளா உங்களையெல்லாம் வைஞ்சுட்டுத் திரிஞ்சேன். அது எத்தன சுலுவா இருந்துச்சு" என்றாள் சிந்துஜா மெதுவாக. "இதச் சொன்னா நாந்தான கொல்றேன்."

யாழிசையின் கை தானாகவே பெட்டியின் விசைப்பலகைப் பக்கம் நகர்ந்தது. நியமனதாரர் சார்பில் தட்டச்சு செய்யவும் அதில் வழி உண்டு. அந்த அம்மாளின் பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றிய மறுகணமே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. போன தடவையும் இப்படி உதவி செய்யும் எண்ணத்தில்தானே இந்த மனிதருக்காகப் பதில் அடித்தாள்? இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு அவற்றின்மேல் உட்கார்ந்தாள்.

"நீங்க கொல்லலீங்கக்கா," என்றாள் பெனாசிர். "அவரு உங்ககிட்ட நூறு தடவ சொன்னத, நீங்க ஒரு தடவ எடுத்துச் சொல்றீங்க."

சிந்துஜா கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்து வைய ஆரம்பித்தாள். பொறி வைத்த அன்று முப்பத்தைந்து நிமிடத்தில் எழுந்து வந்து, வண்டி காத்திருக்கிறது என்று மறுநாளே வேலைக்கு ஓடினது யார் என்றாள். ஒரு நாள் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேசியிருக்கிறாயா என்றாள். எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறாயே என்றாள். கல்யாணமான முப்பத்து நாலு வருடத்தில் அவரை நீ என்று அவள் பேசியது அன்றுதான். ஒன்பதாவது நிமிடத்தில் பெட்டியின் பக்கம் திரும்பி, "சம்மதமில்ல" என்றாள்.

"பதில் தெளிவாக இல்லை. மீண்டும் கூறவும்."

யாழிசைக்குப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது. சிந்துஜா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, எழுத்து எழுத்தாக, "சம்மதம் இல்லை" என்றாள். பெட்டி ஏற்றுக்கொண்டது. திரையில் பன்னிரண்டு மணி நான்கு நிமிடம் ஐம்பது நொடி என்று நேரத்தோடு ஒரே ஒரு வரி விழுந்தது. பொறி மூளையிலிருந்து ஏதாவது சமிக்ஞை வருகிறதா என்று ஒரு முறை தேடிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஓட்டத்தைக் குறைத்தது. முழுக்க நிற்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அதுவரை சிந்துஜா அந்தக் கையை விடவில்லை.

அப்புறம் அவள் அழுதாள். பெனாசிர் அவளைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்து, ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சிந்துஜா கேட்டாள், இதேபோல இன்னும் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று. செவ்வாய்க்கிழமையே யாழிசை மையத்தின் பதிவேட்டில் தேடி எடுத்திருந்தாள். மூளைச் சமிக்ஞை இல்லாமல் ஓடுகிற பொறிகளின் எண்களும் ஊர்களும் அவள் பையில் இருந்தன. அதை யாரிடமும் சொல்லத் தைரியம் வந்திருக்கவில்லை.

"நூத்திப் பதினாறு பேருங்க."

"அவங்க ஊடுகள்ல தெரியுமா, அவங்க ஆளு அதச் சொல்லவே இல்லன்னு?"

"தெரியாதுங்க."

"அப்பறம் இங்க உக்காந்துட்டு என்ன பண்றீங்க? பொட்டியக் கட்டுங்க. எனக்குச் சொந்தக்காரங்க வருவாங்க, நான் பாத்துக்கறேன்."

யாழிசை கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ரித்விக்கின் அழைப்பு வந்தது. ஒரு பொறி நின்றால் மையத்தின் திரையில் சிவப்பு விளக்கு எரியும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அவன் கைபேசிக்குச் செய்தி போகும். வேலை போயிற்று, வழக்கு வரும், பெட்டி திருடியதற்குப் போலீசும் வரும். அவ்வளவுக்கும் தயாராகத்தான் எடுத்தாள். முந்திக்கொண்டு, லோகநாதனுக்குக் கேட்டாகிவிட்டது என்றும் மற்ற நூற்றுப் பதினாறு வீடுகளுக்கும் போகப் போவதாகவும், முடிந்தால் தடுத்துப் பார்க்கச் சொல்லியும் கத்தினாள்.

வேலை, வழக்கு, போலீசு எதையும் அவன் எடுக்கவில்லை.

"அந்த லிஸ்ட்ட நானும் பதிவேட்டுல எடுத்து வச்சிருக்கேன். நாப்பத்தி மூணாவது, பீளமேடு," என்றான் ரித்விக். கணக்குப் போட்டுக் காட்டுகிற குரல் அவனிடம் இல்லை. "எங்கப்பா. ஒண்ணேகால் வருஷமாச்சு. நியமனதாரர் நான்தான்."

யாழிசை சுருட்டிய கம்பியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"எங்க வீட்டுக்கு மட்டும் கடைசியா வா, யாழிசை."

அவன்மேல் அவளுக்கு இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. இன்னும் ஏறத்தான் செய்தது. இருபது நிமிடக் கணக்கும் டோக்கன் பேச்சும் போட்டுக் காட்டினானே, இந்த ஒரு கேள்வி தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்றுதானா? பட்டியலை எடுத்துப் பார்த்தாள். முதல் பெயர் பல்லடத்தில் இருந்தது.

"வரிசைப்படிதான் வருவேன்," என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.